யாரும் சண்டைக்கு வராத நாட்கள்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே பீலிதான். ஊற்றுத் தண்ணீர் மூங்கில் வழியாக வந்து கொட்டும். கொழுந்தெடுத்துத் திரும்பியதும் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்போம். குடம் நிற்கும் வரிசைதான் முறை. அதை யாராவது மாற்றினால் அன்றைக்கு லயமே கிடுகிடுக்கும். சுவரொட்டிய அடுத்த காம்பராக்காரிக்கும் எனக்கும் அங்கே சண்டை வராத நாள் அபூர்வம். அவளுக்கு வாய் நீளம். எனக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அரசாங்கம் எங்கள் ஓட்டுரிமையைப் பறித்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் என் இடது மார்பில் கட்டி வந்தது. சின்னவள் பால்குடி மறந்த சமயம். பால்தான் கட்டிக்கொண்டது என்று நினைத்து உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கரையவில்லை. கடைசியில் கண்டி ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் என் வீட்டுக்காரரை மட்டும் கதவுக்கு வெளியே கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். கலியாணத்துக்கு முன்பு கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை பார்த்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தண்ணீருக்கு ‘வதுர’, சோற்றுக்கு ‘பத்’, அதைத் தாண்டி எதுவும் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னங்க சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல புள்ள. எல்லாம் சரியாப் போச்சாம்.”

சரியாய்ப் போனதற்கு யாராவது கண்ணைத் துடைப்பார்களா? ரயில் றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வாங்கிய வடை அவர் மடியிலேயே ஆறிப்போனது.

தோட்டத்துக்கு வந்த பிறகுதான் பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் வாய்க்கு வந்தபடி ஏசுகிற கங்காணி, வழியில் பார்த்து “பைய நட தாயி” என்றார். பீலிக்குப் போனால் என் குடத்தை எடுத்து முன்னால் வைத்தார்கள். குளிக்கும்போது குறுக்குக்கட்டு நிற்காமல் ஒரு பக்கமாக நழுவும். எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மருந்துக்குக்கூட ஒரு சுடுசொல் இல்லை.

அடுத்த காம்பராக்காரிதான் என்னை மிகவும் பயமுறுத்தினாள். அவள் கோழி என் கீரைப்பாத்தியைக் கிளறியதற்காக ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் நாங்கள். அந்தக் கோழியையே அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து தந்தாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இவளே இப்படி மாறிவிட்டாள் என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நான் சாகப்போவது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. சின்னவளுக்கு யார் சடை பின்னுவார்கள் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போனது.

ஒரு நாள் சாயங்காலம் அடுத்த காம்பராக்காரியின் குடம் பீலியடியில் பாதி நிரம்பியிருந்தது. நான் வேண்டுமென்றே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு என் குடத்தை வைத்தேன். மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“பரவால்ல, நீயே மொதல்ல புடி.”

நான் அப்படியே ஈரக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“எனக்கு எத்தன நாளுன்னு சொன்னாங்க? ஒனக்குத் தெரியும். சொல்லுடி!” என்று கத்தினேன்.

“யாருடி சொன்னா, நீ சாகப் போறேன்னு?”

“பின்ன ஏன் கோழியடிச்சுக் கொழம்பு வச்ச?”

அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. “ஒன் வீட்டுக்காரரு காம்பரா காம்பராவா வந்து கையெடுத்துக் கும்பிட்டாருடி! அவ மனசு நோகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, யாரும் அவகூடச் சண்டை போட்றாதீங்கன்னு. நானும் நாக்கக் கடிச்சிக்கிட்டுத் திரியிறேன். நீ என்னடான்னா என் கொடத்தத் தூக்கி ஓரமா வைக்கிற!”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கும்பிட்டதுக்குப் பொறுத்தது போதும். எடுறி ஒன் கொடத்த!”

சொல்லிவிட்டு என் குடத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது உருண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது. நானும் அவளைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் “ஐயோ, சண்டை வேணாம்” என்று ஓடி வந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “எங்கிட்ட ஏங்க சொல்லல?”

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “கட்டி மறுபடி வந்தாலும் வரலாமாம், வராமலும் போகலாமாம். அத ஒங்கிட்ட எப்பிடிப் புள்ள சொல்றது?”

வரலாம், வராமலும் போகலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு என்னால் சோறு தின்ன முடிந்தது, தூங்க முடிந்தது. அந்தக் கோழிக்குழம்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த தடவை கண்டிக்குப் போனபோதும் டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, அவரை மட்டும் கதவுக்கு வெளியே கூப்பிட்டார். நானும் எழுந்து கூடவே போனேன்.