ஐந்து முறை எழுந்து நிற்றல்

தாம்பரத்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா என் காதருகே கேட்டாள். "கையை மடியில வெச்சுக்கணுமா, மார்ல கட்டிக்கணுமா?"

"மார்லம்மா. வீட்ல செஞ்ச மாதிரியே."

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. இரும்புலியூர் வீட்டில் சில மாதங்களாகச் சுவரைப் பிடித்தபடிதான் நடந்தாள். தளர்நிலை (உடம்பின் கையிருப்பு வலு குறைந்து, சின்ன சறுக்கலும் பெரிய அடியாகும் நிலை) இருக்கிறதா என்று அளக்க வேண்டும் என்றார் மருத்துவர். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ வேண்டும். நொடிகளைக் குறிப்பார்கள். நேரம் கூடக்கூட, விழுந்து படுக்கையாகும் வாய்ப்பும் கூடும்.

நான் அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டேன். பத்து நாள், காலைக் காபிக்கு முன் பயிற்சி.

"ஃபெயிலானா டி.சி. குடுத்துடுவாங்களாடி?"

"வாக்கர் குடுத்துடுவாங்க."

சிரிப்பு நின்றுவிடும். வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருவில் போக அவளுக்கு வெட்கம். அவளை அப்படிப் பார்க்க எனக்கு பயம். பயிற்சி முடிந்தால் மதியம்வரை படுத்தே கிடப்பாள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று ஐந்து முறையும் எழுந்தாள். "சூப்பர்மா" என்ற மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "வீட்ல சுவத்தைப் பிடிச்சுக்கிறாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்."

வாக்கர் எழுதவில்லை. பிசியோதெரபியும் எழுதவில்லை.

மூன்றாம் வாரம் குளியலறை வாசலில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கால் ஊன்றவில்லை. அதே மருத்துவர் பழைய தாளைப் புரட்டினார். "அன்னைக்கு நல்லாத்தானே எழுந்தாங்க?" பயிற்சியைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அளக்க அழைத்துப் போகும்போது, சாதாரண நாளின் உடம்பையே கூட்டிப்போங்கள்.

நேற்று ஊரப்பாக்கத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் வந்தார். "எவ்ளோ நேரம் உட்கார்றீங்கம்மா?"

"பதினஞ்சு நிமிஷம்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"எட்டு, சார். அதுவும் நான் முதுகைத் தாங்கினாத்தான்."

அவர் எட்டு என்று எழுதினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போட்டுக் குடுத்துட்டியேடி."

சாயங்காலம் மறுபடி உட்காரவைத்தேன். என் உள்ளங்கையில் அவள் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டில் ஒரு நாள் என்பது இப்போது அந்த எட்டு நிமிடம். மற்ற நேரமெல்லாம் அதற்கு முன்பு, அல்லது அதற்குப் பின்பு.