சமம் தேடி செம்பூர் போனோம்

செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பிரிக்க டிரம் சொல்லித்தருகிறார்கள், யார் வேண்டுமானாலும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கலாம் என்று ஆபீஸ் தோழி சொன்னாள். எனக்கு ஆசை வந்துவிட்டது. என் கணவருக்கு வரவில்லை.

“அதுக்கு மாட்டுங்காலேந்து செம்பூர் போகணுமா? மேல் ஃபிளாட்டுல டைல்ஸ் உடைக்கறான். ஓசியில கேளு.”

அவர் கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் உரக்கத் தாளம் போடுகிறவர். மேடையில் யாராவது பிசகினால் முறைப்பார். முறைப்பதற்குப் புது இடம் கிடைக்கும் என்றுதானோ என்னவோ, மூன்றாவது வாரம் அவரும் கூடவே கிளம்பினார்.

சொல்லித்தருபவள் கோவண்டியில் வளர்ந்த திருநெல்வேலிப் பெண். மும்பையில் கொஞ்ச காலம் தங்கியிருந்த கினி நாட்டுக்காரர் ஒருவரிடம் கற்றவள். எங்களுக்கெல்லாம் ஜெம்பே, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கையால் தட்டுவது. வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று சுவரோரம் நின்ற என் கணவரை அவள் விடவில்லை. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, பீப்பாய் போலிருந்த டுன்டுன் டிரம் முன்னால் உட்காரவைத்தாள்.

வாசிப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குச்சியை உயர்த்தினார்.

“ஒரு நிமிஷம்மா. சமம் எங்கே?”

“என்னது அங்கிள்?”

“தாளம் ஆரம்பிக்கற இடம். நீ ஓர் இடத்துல ஆரம்பிக்கறே, இவா வேற இடத்துல ஆரம்பிக்கறா. என் ஆத்துக்காரி எங்கேயுமே ஆரம்பிக்கலை.”

கடைசிக் குற்றச்சாட்டு உண்மை.

அவள் சிரித்தாள். “இது கோல் கோல்னு வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும் அங்கிள். எங்க வேணாலும் ஏறிக்கிடலாம். லோக்கல் டிரெயின் மாதிரி.”

“லோக்கல்கூட ஸ்டேஷன்ல நின்னாத்தாம்மா ஏற முடியும்.”

“ஓடுற வண்டில நீங்க ஏறுனதே இல்லையா? பொய் சொல்லாதீங்க.”

வேலைக்குப் போன காலமெல்லாம் அவர் அப்படித்தான் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

நிறுத்துவதற்கு அவள் தன் ஜெம்பேயில் சின்னதாக ஓர் அடி வைப்பாள். அதைக் கேட்டதும் எல்லோரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். வைத்தாள். நிறுத்தினோம். அவர் மட்டும் நிறுத்தவில்லை. கண் மூடியபடி ஹாலே அதிர டும் டும் என்று போய்க்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு கூசியது. தொட்டு எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கொஞ்சம் கேட்டுவிட்டு அவரோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். நானும் ஏறிவிட்டேன், முதல் தடவையாக, சரியான இடத்தில்.

கண்ணைத் திறந்தவர் எல்லோரையும் பார்த்துப் பெரிய வித்வானைப் போலத் தலையாட்டினார்.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார்: “கவனிச்சியோ? நடுவில எல்லாரும் தடுமாறி விட்டுட்டா. நான் விடலை. தாளத்தைப் பிடிச்சு நிறுத்தி, அத்தனை பேரையும் உள்ளே கொண்டு வந்தேன்.”

உண்மை என் வாய் வரை வந்தது. ஆனால் எந்தக் கச்சேரியிலிருந்து திரும்பும்போதும் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

“ஆமாம், கவனிச்சேன்,” என்றேன்.

மாட்டுங்காவில் இறங்கியதும் கேட்டார்: “அந்த டுன்டுன் நம்ம ஹால்ல கொள்ளுமா?”

“கொள்ளும். நீங்க பால்கனில படுத்துண்டா.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பால்கனியை மனதுக்குள் அளந்தபடி முன்னால் நடந்தார்.