மெயின் சுவிட்சும் ஒரு வரியும்

திருவண்ணாமலையில் கடையைப் பூட்டும்போது முதலில் மெயின் சுவிட்சை இறக்குகிறார்கள். அரை மணி நேரம் தொழப் போனாலும் இறக்கிவிட்டுத்தான் போவார்கள். இலங்கையில், ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். நான் பிறந்த மன்னார்க் கரையில் இறக்குவதற்கு மின்சாரமே இருந்ததில்லை. அதனாலோ என்னவோ, இந்தப் பழக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஆறு வயதில் சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் வந்தவன் நான். பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அடி அண்ணாமலை அகதி முகாமிலிருந்து பெயின்ட் அடிக்கப் போனேன், லாட்ஜில் அறை கூட்டினேன். அங்கே தங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன மடிக்கணினியில் லினக்ஸ் பழகினேன். லாரி உதிரிபாகம் விற்கும் கரீம் பாய்க்கு ஒரு தேடுபொறி வேண்டியிருந்தது. பெயரைத் தப்பாக அடித்தாலும் சாமான் எந்த ரேக்கில் என்று அது காட்ட வேண்டும். ஓடினால் எனக்கு நிலையான வேலை, ஓடாவிட்டால் சென்னையிலிருந்து ஆள் வரும். தேடுபொறியைக் கண்டெய்னரில் ஏற்றினேன். தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கட்டிக்கொண்டு வரும் மென்பொருள் பெட்டி அது. ஆனால் நினைவகத்தை எத்தனை துண்டாக எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் பெட்டியின் கையில் இல்லை. இடம் கொடுக்கும் கடைக் கணினிதான் அதை உயர்த்த வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கட்டளையில் உயர்த்தினேன். ஓடியது. மதியம் தொழுகை முடிந்து மெயினை ஏற்றினால், செத்துக் கிடந்தது.

“இன்னாப்பா, காத்தால நல்லாத்தான ஓடிச்சு? அதுவும் நமாஸுக்குப் போயிடுச்சா?”

“கரண்ட் போனதும் வரம்பு பழையபடி குறைஞ்சிட்டுது பாய். நான் எழுதி வைக்கேல்ல.”

பாய் பேனாவையும் நோட்டையும் நீட்டினார். “இந்தா, எழுது.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கணினியின் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை எழுதிச் சேமித்தேன். “இனி ஒருக்கா மெயினை இறக்குங்கோ.”

“இப்பத்தான ஏத்தினேன்? சரியான ஆளுய்யா நீ.”

இறக்கி ஏற்றினார். முதலில் மின்விசிறி சுற்றியது. அப்புறம் திரை ஒளிர்ந்தது. பாய் வேண்டுமென்றே கிளட்ச் பிளேட்டை ‘கிலச்சு பிலேட்டு’ என்று அடித்தார். ரேக் ஏழு என்றது. நம்பாமல் எழுந்துபோய்க் கையை விட்டுப் பார்த்தார்.

“கீதுப்பா! திங்கக்கெழம வந்துடு.”

வேலைப் படிவம் கொடுத்தார். தற்போதைய முகவரியில், முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும் முகாமை எழுதினேன். நிரந்தர முகவரியில் கொஞ்சம் யோசித்தேன். வீட்டு எண் நினைவில்லை. ‘மாதா கோயிலுக்குப் பின்பக்கம், மன்னார்’ என்று எழுதினேன்.

பாய் படித்துப் பார்த்தார். “லெட்டர் போட்டா போவுமா?”

“போகும் பாய். வாங்கத்தான் ஆளில்லை.”