அக்கா அளந்த வளைவு

அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அவர் மகள் தேன்மொழி கேட்டபோது, எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் போய்க் கேட்கிறாயே என்றேன். "நீங்கதானே மாமா கடைசியில கூட இருந்தீங்க" என்றாள். அது உண்மைதான். போர்வெல் லாரியிலும் மண் அள்ளும் எந்திரங்களிலும் வேலை செய்து ஊர் ஊராகத் திரிந்தவன் நான். சில நாள் தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். கிளம்ப முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு எழுதத் தெரிந்தது.

அக்கா அரியலூருக்குக் கிழக்கே, எங்கள் அப்பாவின் முந்திரிக் கொல்லையில் பிறந்தார். வீட்டுக்கு மூத்தவர். அம்மா நோயில் படுத்துவிட்டதால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு எங்களுக்குச் சோறாக்கினார். பெரம்பலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மச்சான் லாரி ஓட்டுநர். சாலை விபத்தில் அவர் போனபோது தேன்மொழி கைக்குழந்தை. அக்கா அழுதுகொண்டே கொல்லைக்குத் திரும்பியதாகவும், மறுவாரமே பருத்தி எடுக்கப் போனதாகவும் சொல்வார்கள். மாடு வளர்த்தார். முந்திரி உடைத்தார். மகளை நர்சிங் படிக்க வைத்துப் பெரம்பலூரிலேயே கட்டிக் கொடுத்தார்.

முன்பெல்லாம் எங்கள் கொல்லைக்கு எந்தப் பக்கமிருந்தும் வரலாம். பிறகு சுண்ணாம்புக்கல் எடுப்பதற்காகச் சுற்றியிருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பக்கமும் கம்பி வேலி வந்தது. வேலிக்கு அப்பால் பெரிய பள்ளம். வெளியே போக ஒரே ஒரு பாதைதான் மிஞ்சியது. அதற்கு ஒரு புறம் வேலியின் கல்தூண்கள், மறுபுறம் எங்கள் பங்காளி கலியபெருமாள் அண்ணனின் கருங்கல் சுவர். நடுவில் ஒரு வளைவு. மாட்டு வண்டி திரும்பும். பொக்லைன் திரும்பாது. அப்பா இறந்தபோது நல்ல மழை. பாடையை அந்த வளைவில் திருப்பத் தெரியாமல் இரண்டு தடவை சேற்றில் இறக்கி வைத்தார்களாம். நான் அப்போது வடக்கே இருந்தேன், கேள்விப்பட்டதுதான். அக்கா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் வந்தபோது கொல்லையில் பாதியைச் சீமைக்கருவேல முள் பிடித்திருந்தது. குட்டை தூர்ந்துபோயிருந்தது. கூலிக்கு ஆள் வரவில்லை. வாடகை எந்திரம் வளைவைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும். "வித்துட்டு எங்களோட வந்துரும்மா" என்று தேன்மொழி ஒவ்வொரு முறையும் கெஞ்சுவாள்.

"வரேன். ஆனா இந்த முள்ளுக்குப் பயந்துக்கிட்டு வரமாட்டேன். நான் வெளிய போறப்ப ஒழுங்காப் போவேன்" என்பார் அக்கா.

முன்னால் மண் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் வைத்த மினி டிராக்டர் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தார். வேரைப் பிடுங்கவும், குட்டையைத் தூர்வாரவும், எருவை அள்ளவும் ஒரே வண்டி போதும். எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். நான் பாதையின் அகலத்தை அளந்து, தாராளமாக வரும் என்றேன்.

"அகலம் சரிடா. முன்னால ஒரு கை, பின்னால ஒரு கை. நீளம் எவ்வளவு?"

கடைக்குப் போன் செய்து பெரிய வண்டியின் நீளத்தைக் கேட்டோம். மறுநாள் காலை அக்கா பச்சை மூங்கில் வெட்டச் சொன்னார். அந்த நீளத்துக்கு இரண்டு கழி, குறுக்கே சில கழிகள், தென்னங்கயிற்றால் கட்டு. கட்டி முடித்த பிறகுதான் அது எப்படித் தெரிகிறது என்று எனக்கே உறைத்தது. நானும் எங்கள் ஊர்ச் செல்வராசும் முன்னால், கலியபெருமாள் அண்ணனும் அவர் மகனும் பின்னால். நாலு பேர் தோளில் பச்சை மூங்கில் சட்டம். ஆடு ஓட்டி வந்த ஒரு பெண் வழியிலேயே நின்று, "ஐயோ, யாருங்க?" என்று வாயைப் பொத்தினாள்.

"யாருமில்ல, டிராக்டர்" என்றார் அக்கா.

கலியபெருமாள் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "என்ன தங்கச்சி இது, உசுரோட இருக்கிற வீட்டுல மூங்கில் கட்டிக்கிட்டு."

"நீ சுவத்துல ரெண்டு கல்லைப் பிரிச்சுத் தரியாண்ணே? மூங்கிலைக் கீழே போட்டுடுறேன்."

"சுவத்தை மட்டும் கேக்காத."

"அப்ப பேசாம தூக்கு."

வளைவில் பக்கவாட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து எப்படியோ நுழைத்துவிட்டோம். நான் சொன்னேன்: "அக்கா, இது கணக்கில்ல. நமக்குக் கால் இருக்கு, ஒதுங்குறோம். டிராக்டரோட பின்சக்கரம் பக்கவாட்டில ஒதுங்காது. முன்சக்கரம்தான் திரும்பும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டத்தைத் திரும்பவும் பாதையின் தொடக்கத்துக்கே கொண்டு போகச் சொன்னார். தான் முன்னால் வந்து, எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தார். "பின்னாடி இருக்கிறவங்க ஒதுங்காம நேரா வாங்க. முன்னாடி இருக்கிறவங்க மட்டும் திரும்புங்க. மெதுவா."

மூங்கில் கல்தூணில் முட்டியது. அக்கா ரம்பத்தை எடுத்து ஒரு சாண் அறுத்தார். மறுபடி நடந்தோம். மறுபடி முட்டியது. எங்கள் தோள் எரிந்தது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அக்கா அதையே சொல்லுவார், பின்னாடி நேரா, முன்னாடி திரும்பு. வெயில் ஏறிய பிறகு ஒரு நடையில் சட்டம் எதிலும் உரசாமல் வளைந்து வெளியே வந்தது. அக்கா கொடிக்கயிற்றை அதன் மேல் பிடித்து, நீளத்துக்கு ஒரு முடிச்சும் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டார்.

அந்தக் கயிற்றோடுதான் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். கடையில் இருந்த தம்பி பெரிய வண்டியைத்தான் காட்டினார். "இதை எடுத்தீங்கன்னா வாடகைக்கும் விடலாம்மா."

"வெளிய போனாத்தானே தம்பி வாடகை? இது உள்ளயே வராது. இந்த முனையைப் பிடி."

கயிற்றின் முடிச்சு வண்டியின் பின் கை வரை எட்டவில்லை. அடுத்து ஒரு குட்டி வண்டி. கயிற்றுக்குள் அடங்கியது, விலையும் குறைவு. நான் குனிந்து பார்த்தேன். தோண்டும் கையைக் கலப்பை மாட்டும் இடத்திலேயே மாட்டியிருந்தார்கள். அது வேரில் இழுக்கும்போது வண்டியையே உலுக்கும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எங்கள் கரிசல் மண்ணில் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி மழைக்கு நின்ற இடத்திலேயே சுழலும். வேண்டாம் என்றேன். மூன்றாவது வண்டிக்கு நாலு சக்கரமும் இழுக்கும். முன் பக்கெட்டையும் பின் கையையும் அடியில் ஒரே இரும்புச் சட்டத்தில் இணைத்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்தால், கையை மடித்து வைத்தபோது முடிச்சுக்குச் சற்று உள்ளேயே நின்றது.

"பெரிய வண்டியில பின் கையைக் கழட்டி வச்சுட்டா வளைவுல போயிருமேம்மா" என்று அந்தத் தம்பி கடைசியாகச் சொல்லிப் பார்த்தார்.

"கழட்டி மாட்ட ஆள் வேணும். இவன் இருக்கிற வரைக்கும் கழட்டுவான். இவன் எப்ப ஓடுவான்னு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா என்னைக் காட்டி.

வண்டி வந்தது. வளைவில் உரசாமல் வந்தது. அன்று அக்கா பாதை முழுக்க அதன் முன்னால் பின்னோக்கியே நடந்தார். ஒரு மழைக்காலத்துக்குள் முள் போய், குட்டையில் தண்ணீர் நின்றது. அக்காவும் ஓட்டக் கற்றுக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எரு அள்ளுவார். பிறகு சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கியது, ஏறி உட்கார முடியவில்லை. நான் இரண்டு முறை பையைக் கட்டினேன்.

"போறதுன்னா போடா. வண்டியை விட்டுட்டுப் போ."

"விட்டுட்டுப் போனா யாரு ஓட்டுறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

பையைப் பிரித்து வைத்தேன். வேலியும் சுவரும் அக்காவை மட்டும் அடைத்திருந்தன என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையிலிருந்தே மழை. அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. பாதையெல்லாம் சேறு. வண்டியின் பக்கெட்டில் மெத்தையைப் போட்டு அக்காவை உட்காரவைத்து நான் ஓட்டினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தேன்மொழி குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அந்த மூச்சுத் திணறலிலும் அக்கா, "எருன்னு நினைச்சுக் கொட்டிடாதடா" என்றார். பிழைத்துத் திரும்பி வந்தார். ஆறேழு மாதம் இருந்தார். மார்கழியில் ஒரு விடியற்காலை, தன் வீட்டிலேயே, மகள் மடியில் கண்ணை மூடினார்.

மறுபடியும் பச்சை மூங்கில் வெட்டினோம். சாமந்தி மாலைகளுக்கு அடியில் அக்கா. முன்னால் நானும் செல்வராசும். பின்னால் கலியபெருமாள் அண்ணனும் அவர் மகனும். யாரும் யாரையும் அங்கே நிற்கச் சொல்லவில்லை, அவரவர் இடத்துக்கு அவரவர் வந்து நின்றோம். முந்தின நாள் மழை பெய்து பாதை வழுக்கியது. வளைவு வந்ததும் பறைச்சத்தம் அடங்கியது. அப்பாவின் பாடையைச் சேற்றில் இறக்கியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கூட வந்துகொண்டிருந்தார்கள். யாரோ, "இறக்கித்தான் திருப்பணும்" என்றார்கள்.

பின்னாலிருந்து கலியபெருமாள் அண்ணனின் குரல் வந்தது. "இறக்காத. பின்னாடி நாங்க ஒதுங்காம நேரா வரோம். முன்னாடி நீங்க மட்டும் திரும்புங்க. மெதுவா."

திரும்பினோம். ஒரு பூக்கூடக் கல்தூணில் உரசவில்லை. அக்காவைத் தரையில் வைக்காமல் தார்ச்சாலைக்குக் கொண்டு வந்தோம்.

மழையில் சாலையோரம் காத்திருந்த ஆம்புலன்ஸ் தம்பிக்கும், டயாலிசிஸ் நாட்களில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண்களுக்கும், தாய்க்குத் தாயாக இருந்த தேன்மொழிக்கும், மாடுகளைப் பார்த்துக்கொண்ட செல்வராசு வீட்டாருக்கும் நன்றி. கலியபெருமாள் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சுவரில் ஒரு கல்லும் நகரவில்லை. ஆனால் அக்கா சொன்னதை அவர் மறக்கவில்லை.

வண்டி கொட்டகையில் இருக்கிறது. நானும் இருக்கிறேன். ஆண்டுத் திதிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கார்களைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வயதானவர்களை அழைத்து வரச் சாலை முனையில் நான் வண்டியோடு நிற்பேன். பாதை இன்னும் அதே அகலம்தான்.