சங்கர்ராமின் பெருந்தவளை

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் எடை பார்த்து ஓய்வுபெற்றவர், எங்கள் பக்கத்து வீட்டு சங்கர்ராம். 1998 ஜூன் மழையில் முற்றத்துக்கு வந்த பெருந்தவளையை, ஈரமண் பரப்பிய தொட்டியில் வளர்க்கத் தொடங்கினார். சைவ வீடு என்பதால் தயிர்சாதம் வைத்தார். ஒரு வாரமாகியும் அது தொடவில்லை, மெலிந்துபோயிற்று.

மீன் பிடிக்கும் பிஜு எட்டிப்பார்த்துச் சிரித்தான். "சாமி, இதுக்குப் பூணூலும் போட்டாச்சோ? அசையற புழுவத்தான் இது தின்னும், கேட்டோ. பட்டினி போட்டுக் கொல்ல வேண்டா."

உயிர்க்கொலை பாவமென்று பிஜுவிடமே பலமுறை சொன்னவர் சங்கர்ராம்.

மறுநாள் காலை தூண்டில்காரர்களோடு நின்று மண்புழு வாங்கினார். கோயிலுக்குப் போன நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தவளை முதல் புழுவை விழுங்கியதும் அவர் மனைவி கமலாக்ஷி, "நன்னா சாப்பிடறதே!" என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த புழுவை நீட்டினார்.