மார்ச் முப்பத்தொன்று, பௌர்ணமி

கன்னியம்மாள்தான் தங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். தெரு என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். அரிசி ஆலைக் களத்தை ஒட்டிய நான்கு குடிசைகள். இருளர் குடும்பம். அப்பா கருப்பன் ஆலையில் நெல் அவிக்கிறவர்.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டு விடுதியிலும் இடம் கொடுத்தது. பழங்குடி மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை வந்ததும் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள். உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். 1998 ஜூனில் விண்ணப்பித்தாள். விசாரிக்க வேண்டிய அதிகாரியோ ஒவ்வொரு முறையும், "பௌர்ணமி பந்தோபஸ்து முடியட்டும்" என்றார். திருவண்ணாமலையில் பௌர்ணமி முடிவதே இல்லை. ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும்.

ஜனவரியில் ஒரே ஒரு நாள் அப்பாவையும் மகளையும் அழைத்தார்.

"இருளர்னா பாம்பு பிடிப்பாங்களே. உனக்குத் தெரியுமாய்யா?"

கருப்பனுக்குப் பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கால் கூசும். சிறுவயதிலேயே ஆலைக்கு வந்துவிட்டவர். ஆனால் தெரியாது என்றால் சான்றிதழ் போய்விடுமே.

"தெரியுங்க சாமி."

"அப்ப ஒண்ணு பிடிச்சாந்து காட்டு. கையெழுத்துப் போடறேன்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். கருப்பனும் சிரித்தார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலையில் நலத்துறை அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கிற சரோஜா மேடம் கன்னியம்மாளிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"இன்னையோட வருஷக் கணக்கு முடியுதும்மா. இந்த வருஷத்துக்கு வந்த பணம் இன்னைக்கு பில் போடலன்னா திரும்பிப் போயிடும். அப்புறம் யார் வந்து கேட்டாலும் கிடைக்காது. பில் கட்டு சாயங்காலம் ஏழு மணிக்குக் கருவூலத்துக்குப் போவுது. அதுக்குள்ள சான்றிதழோட வா."

பணம் வராவிட்டால் விடுதிப் பாக்கி அப்படியே நிற்கும். பாக்கி நின்றால் கல்லூரி ஹால் டிக்கெட் தராது. ஏப்ரலில் தேர்வு. அப்பாவின் கூலியில் அந்தப் பாக்கியை அடைப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை.

அதிகாரி அலுவலகத்தில் இல்லை. பங்குனிப் பௌர்ணமிக்காகக் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பந்தலுக்குப் போய்விட்டார் என்றார் கடைநிலை ஊழியர். "கையெழுத்துக்கான ஃபைலெல்லாம் ஜீப்லதான் இருக்குது. போய்ப் புடிச்சிக்க."

அப்பாவை வரச் சொல்லியிருந்தாள். ஊருக்கு வெளியிலேயே பேருந்துகளை மறித்துவிட்டதால் அவர் நடந்து வந்து சேரும்போது மூன்று மணி ஆகிவிட்டது. கையில் ஒரு காக்கித் துணிப்பை, வாய் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. அதை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இன்னா நைனா அது?"

"சார் கேட்டாரே." குரலைத் தாழ்த்தினார். "சாரப்பாம்பு. இருசப்பன் மச்சான் புடிச்சிக் குடுத்தாரு."

சாலை முழுக்கத் தலைகள். குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர்கள், கைகோத்துப் போகிற கிழவிகள், கற்பூரத் தட்டுகள். இந்தக் கூட்டத்தில் பை அவிழ்ந்தால்? பாம்பு ஒருவரையும் கடிக்கக்கூடத் தேவையில்லை. 'பாம்பு' என்று ஒரே ஒரு குரல் கேட்டால் போதும், மிதிபட்டே சாவார்கள்.

"விட்டுட்டு வந்துடு நைனா."

"எங்க வுடறது? எங்க பாத்தாலும் ஜனம். சாரும் சும்மா கையெழுத்துப் போட்டுடுவாரா?"

கூட்டத்தோடு நடந்தார்கள். ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் போகும்போது யாரோ ஒருவர் பையில் இடித்துக்கொண்டு, "பிரசாதமா பெரியவரே, எனக்குக் கொஞ்சம்" என்றார். கருப்பன் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். உள்ளே ஏதோ புரண்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டே நாலடி நடந்தார். கன்னியம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

பந்தலில் அதிகாரி மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போலீஸ்காரர்கள். வெயில் காலத்தில் யாரும் மலைக்குத் தீ வைத்துவிடாமல் பார்க்க வந்த வனக்காவலர் ஒருவரும் நின்றிருந்தார்.

கன்னியம்மாள் விவரம் சொன்னாள். அதிகாரிக்கு அவளை நினைவில்லை. அப்பாவைப் பார்த்ததும் நினைவு வந்தது.

"ஓ, நம்ம பாம்புக்காரரா! என்னய்யா, கொண்டாந்தியா?"

"கொண்டாந்துட்டேன் சாமி."

சிரிக்கத் தொடங்கிய வாய்கள் பாதியில் நின்றன. அதிகாரியின் நாற்காலி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. வனக்காவலர் திரும்பினார்.

"பையில இன்னாய்யா இருக்குது? தொற பாக்கலாம்."

கன்னியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாம்பு பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆலைப் பக்கம் ஒருவரை அதற்காக வண்டியில் ஏற்றிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். பையைத் திறந்தால் கையெழுத்து கிடைக்கலாம். அப்பா உள்ளே போவார். திறக்காவிட்டால் இரண்டும் இல்லை. பந்தல் கடிகாரத்தில் ஐந்தரை.

அவள் அப்பாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனம். அவளுக்கும் பாம்பைத் தொட்டுப் பழக்கமில்லை.

"சார், நீங்க கேட்டீங்கன்னுதான் எங்க நைனா கொண்டாந்தாரு. பாம்பு பிடிச்சாந்து காட்டச் சொன்னேன்னு என் ஃபைல்ல ஒரு வரி எழுதிடுங்க. இங்கியே தொறக்கறேன்."

வனக்காவலர் அதிகாரியைப் பார்த்தார். "நீங்களா சார் கேட்டீங்க? சாரையா இருந்தாலும் கேஸுதான் சார்."

ஒலிபெருக்கியில் காணாமல் போன ஒரு பாட்டியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதிகாரி மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அட, தமாஷுக்குச் சொன்னதும்மா அது."

"அப்ப தமாஷுன்னு எழுதுங்க சார்."

அவள் பையை இறக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் இருமினார். அதிகாரி ஓட்டுநரைக் கூப்பிட்டார். ஃபைல் வந்தது. கிராம அலுவலரின் விசாரணை அறிக்கை நவம்பரிலிருந்தே அதில் இருந்தது; புரட்டிக்கூடப் பார்க்கவில்லை அவர். சான்றிதழில் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

வனக்காவலர் பையை வாங்கிக்கொண்டு கருப்பனின் கையைப் பற்றினார். "நீ என் கூட வாய்யா."

கன்னியம்மாள் நின்றுவிட்டாள்.

"நிக்காத, போ," என்றார் கருப்பன். "கன்னி, போம்மே!"

அவள் ஓடினாள். ஓட இடமில்லாத இடத்தில் தோள்களுக்கு நடுவே புகுந்து போனாள். எதிரே நின்றவர்கள் திட்டினார்கள். "சாமிய சுத்தற எடத்துல இன்னா பொண்ணு இது, இடிச்சிக்கினு போவுது." சான்றிதழ் வேர்வையில் நனைந்துவிடாமல், கொண்டுவந்திருந்த புத்தகத்துக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். காஞ்சி சாலையில் கூட்டம் அசையவே இல்லை. வயல் வரப்பில் இறங்கி, முள்வேலி தாண்டி, மறுபடி சாலைக்கு ஏறினாள்.

நலத்துறை அலுவலகத்தில் கட்டு கட்டியாகிவிட்டது. எடுத்துப் போகிறவர் சைக்கிளில் ஏறப் போனார். சரோஜா மேடம் வாசலுக்கு வந்து கைதட்டி நிறுத்தினார்.

"எறக்குங்க அதை. ஒண்ணு பாக்கி."

பில் எழுதிக்கொண்டே சொன்னார்: "இது இந்த வருஷத்துக்கு மட்டும்தான். வருஷா வருஷம் புதுப்பிக்கணும். மூணு வருஷப் படிப்புக்கு மூணு வருஷம் தருவாங்க. ஃபெயிலானா இன்னும் ஒரு வருஷம் கெஞ்சிக் கேக்கலாம், ஒரே தடவதான். புரியுதா?"

"புரியுது மேடம்."

அந்த ஒரு தடவையை அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. மூன்றாண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தாள். ஒரு தாளில்கூடத் தவறவில்லை.

ஆனால் அன்று கட்டு சைக்கிளில் ஏறிப் போனதும் அவள் கேட்டது வேறு. "மேடம், வனத்துறை ஆபீஸ் எந்தப் பக்கம் இருக்குது?"

வழி கேட்டுக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது கருப்பன் எதிரே வந்துகொண்டிருந்தார். கையில் பை இல்லை.

"வுட்டுட்டாங்களா நைனா?"

"அந்த ஆளே அவுத்து வுட்டாரு, மலையோரமா. கேஸு எழுதினா அந்த சார் பேரையும் எழுதணும்னாரு, போன்னுட்டாரு." மூச்சு வாங்கினார். "பரீட்ச எழுத வுடுவாங்களா?"

"வுடுவாங்க."

கருப்பன் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

"இருசப்பனுக்கு இன்னா சொல்றது? சாயங்காலம் திருப்பித் தரேன்னுதானே வாங்கியாந்தேன்."