பாடகிக்கு இன்று மௌன விரதம்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைச்சாவடி கல்யாண மண்டப வாசலில்...

பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் சகிதம் போய் இறங்குகிறேன். உள்ளே மேடையில் என் பாட்டை வேறொரு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள்!

தெரியாதவர்களுக்காக: நான் லாஸ்பேட்டையில் குடியிருக்கும் அரசாங்க கிளார்க். லீவு நாளில் பஷீர் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் கோரஸ். (கோரஸ் என்றால், முன்னால் நிற்பவர் காதலில் உருகும்போது பின்னால் நின்று "ஆ... ஆ..." சொல்பவர்.)

வருஷக்கணக்காக "ஆ..." சொன்ன பிறகு முதன்முதலாகத் தனிப்பாட்டு கிடைத்தது. மீன் வியாபாரம் செய்யும் குடும்பத்தின் ரிசப்ஷன். இதில் தேறினால் இனி முன் மைக், சொதப்பினால் மறுபடியும் "ஆ..." என்று அண்ணன் முன்பே சொல்லிவிட்டார்.

பேசாமல் போய்ப் பாடியிருக்கலாம். ஆனால் நான் படித்தவள் ஆயிற்றே!

சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறி இரண்டு புத்தகம் வாங்கியிருந்தேன். ஒன்று, பாடுவது எப்படி. இன்னொன்று, இசைத் தொழிலில் ஏமாறாமல் பிழைப்பது எப்படி. முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மார்க்கர் அடித்தேன். கடைசியில் மஞ்சள் அடிக்காத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது.

முதல் புத்தகம் சொன்னது: நிகழ்ச்சி நாளில் மேடை ஏறும்வரை வாயே திறக்காதே, குரலைச் சேர்த்து வை.

இரண்டாவது சொன்னது: வாய்ப்பேச்சை நம்பாதே, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு.

ஞாயிறு காலை எழுந்ததும் என் வீட்டுக்காரரிடம் வாயில் விரலை வைத்துக் காட்டி, புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "இத எழுதுன புண்ணியவான் எந்த ஊரு? நேர்ல போயி ஒரு சால்வ போத்திட்டு வந்துடுறேன்" என்றார். (பதில் சொல்ல முடியாத நாளாகப் பார்த்து!)

இங்கே எங்கள் குழுவின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கையெழுத்து, காகிதம் எதுவும் கிடையாது. நிகழ்ச்சி அன்று காலையில் பஷீர் அண்ணன் ஃபோன் போடுவார். "வர்றியா?" என்பார். "வரேண்ணே" என்று சொல்ல வேண்டும். அதுதான் ஒப்பந்தம். பாடுகிறவர்கள் என்றால் கூடவே "ஒரு லைன் பாடு" என்பார், தொண்டை கட்டியிருக்கிறதா என்று பார்க்க.

ஃபோன் வந்தது. கட் பண்ணினேன்.

மறுபடி வந்தது. மறுபடி கட்!

பிறகு பெருமையாக ஒரு மெசேஜ் தட்டினேன். "வணக்கம் அண்ணா. இன்று என்னால் பேச இயலாது. குரலுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன்" என்று ஆரம்பித்து, என் பாட்டை வீடியோ எடுத்தால் யாரெல்லாம் போடலாம், பெயர் எந்த எழுத்தில் வர வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு நிபந்தனைகள்.

அண்ணனிடமிருந்து பதில் வந்தது. "சரிமா. ஒடம்ப பாத்துக்கோ."

ஆகா, தனிப்பாட்டுக்காரி என்றதும் மனிதர் எவ்வளவு அக்கறை காட்டுகிறார் என்று பூரித்துப் போனேன். (அவர் முதல் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?)

மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்தேன்.

"பேச முடியாதுன்னியேம்மா! தொண்ட போச்சாட்டம் இருக்குன்னு வேற பொண்ண கூப்ட்டுட்டேன்."

"தொண்ட போவலண்ணே! ரெஸ்ட்ல இருந்துச்சு!"

"இவ்ளோ கத்துறியே, காலைல ஒரு 'வரேன்' சொன்னா என்னாம்மா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து சேர்த்து வைத்த குரல் முழுவதையும் அங்கேயே கொட்டினேன். புத்தகத்தில் படித்த மூச்சுப் பயிற்சி அப்போதுதான் கைகொடுத்தது. அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, இடையில் நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு திட்டினேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் நல்ல மனிதர். "சரி சரி, கோவப்படாத. கடைசி பாட்டு நீ பாடு" என்றார்.

முன் மைக்! ஒருவழியாகக் கிடைத்துவிட்டது! கண்ணை மூடி வாயைத் திறந்தேன்.

மழையில் நனைந்த ஸ்கூட்டரை உதைத்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான் வந்தது.

இரண்டு வரி போராடினேன். பிறகு அந்தப் பெண்ணே பாட்டை வாங்கிக்கொண்டாள். நான் பின்னால் போய் நின்று "ஆ..." சொன்னேன். அதுகூடச் சரியாக வரவில்லை.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷம் காத்திருந்ததை நானே கெடுத்துக்கொண்டேனே என்று தாங்கவில்லை. வீட்டுக்காரர் அன்று மட்டும் கிண்டல் பண்ணவில்லை.

இன்று மதியம் ஆபீசில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபோன் அடிக்கிறது. பஷீர் அண்ணன்!

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனி ஆண்டு விழாம்மா, தனிப்பாட்டு ஒண்ணு..."

"வரேண்ணே!!!"

செக்‌ஷனே எழுந்து நின்றுவிட்டது.

"மொதல்ல முழுசா கேளு. அன்னிக்கு நீ என்னைய திட்டுனது மைக்கே இல்லாம மண்டபம் பூரா கேட்டுச்சு. அந்தக் கொரலு பாட்டுல வரணும். எங்க, ஒரு லைன் பாடு."

வாயில் தயிர்சாதம். எதிரில் சூப்பரின்டெண்டென்ட். பாடினேன்! முழுக் குரலில்!

"ம், நல்லாத்தான் இருக்கு. விழா அன்னிக்கு காலைலயும் ஃபோன் பண்ணுவேன். எடுத்துப் பேசு தாயி" என்று வைத்துவிட்டார்.

மஞ்சள் அடித்த புத்தகம் இரண்டும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமா?

வேண்டுமென்றால் மெசேஜ் போடாதீர்கள். ஃபோன் பண்ணுங்கள். முதல் ரிங்கிலேயே எடுப்பேன்!